கொல்லைப்புறத்துப் பெயர்கள்

ஒரு டேட்டாபேஸ் கிளஸ்டரில் இருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் மூன்று பெயர்கள் வேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் கூப்பிட ஒன்று. அந்த சர்வர் விழுந்துவிட்டால் பக்கத்து சர்வர் எடுத்துக்கொண்டு பதில் சொல்ல இன்னொன்று. கிளஸ்டருக்குள் இருக்கும் சர்வர்கள் தங்களுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொள்ள மூன்றாவது. முதலாவதைப் பப்ளிக் பெயர் என்போம், இரண்டாவதை விர்ச்சுவல் பெயர், மூன்றாவதைப் பிரைவேட் பெயர். பதினான்கு வருடங்களாக இந்த வேலையில் இருக்கிறேன். கொரோனாவுக்குப் பிறகு திருவண்ணாமலையிலேயே, வட ஒத்தவாடைத் தெரு வீட்டின் மாடி அறையிலிருந்து செய்கிறேன். இங்கே எழுதப்போவது அந்த மூன்றாவது பெயரைப் பற்றி.

அம்மாவுக்கு கிளஸ்டரை விளக்க ஒரு முறை இரண்டு வீடுகளைச் சொன்னேன். இரண்டு வீட்டுக்கும் கிணறு ஒன்றுதான். யார் வந்து தண்ணீர் கேட்டாலும் எந்த வீட்டு வாசலில் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரு வீடு பூட்டியிருந்தால் அடுத்த வீட்டில் கிடைக்கும். ஆனால் ஒரே கிணற்றில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாளி இறக்கினால் கயிறு சிக்கிக்கொள்ளும். அதனால் இரண்டு வீட்டுப் பெண்களும் கொல்லைப்புறத்துச் சுவர் வழியாகப் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். “நீ எடுத்துட்டியா, நான் எடுக்கட்டா, உன்கிட்ட ஒரு குடம் இருந்தா குடு, நான் இறக்க வேணாம்.” வாசலுக்கு வந்தவருக்கு இந்தப் பேச்சு கேட்காது. ஆனால் அது இல்லாமல் தண்ணீர் வராது. “அட, இவ்ளோதானா உன் வேலை?” என்றார் அம்மா. இவ்வளவுதான்.

ஆரக்கிள் நிறுவனம் 2001இல் கொண்டுவந்த ‘ராக்’ கிளஸ்டர் இப்படித்தான் இயங்குகிறது. டிஸ்க் பொது. ஒரு நோடின் நினைவகத்தில் இருக்கும் தரவை மற்ற நோடு டிஸ்க்குக்குப் போகாமல் நேராக வாங்கிக்கொள்ளும். அது போகும் வழிதான் பிரைவேட் நெட்வொர்க். அதே வழியில் ஒவ்வொரு விநாடியும் “இருக்கியா?”, “இருக்கேன்” என்று ஒரு துடிப்பும் போய்வருகிறது. முப்பது விநாடி பதில் இல்லையென்றால் அந்த நோடைக் கிளஸ்டர் வெளியே தள்ளிவிடும். இரண்டு நோடும் மற்றது செத்துவிட்டது என்று நம்பித் தனித்தனியாக எழுத ஆரம்பித்தால் தரவு குப்பையாகிவிடும் என்பதால் இந்தக் கண்டிப்பு. வாசல் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும், வாடிக்கையாளருக்குப் பதில் போய்க்கொண்டிருக்கும். கொல்லைப்புறத்தில் அரை நிமிடம் சத்தமில்லையென்றால் வீடே காலி.

இதற்குத் தனி வழி ஏன் என்று திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். கார்த்திகை தீபத்தன்று எங்கள் தெருவில் ஓர் ஆம்புலன்ஸ் போவதை நினைத்துப் பாருங்கள். லட்சக்கணக்கான கால்கள் நடக்கும் வழியில் அந்த “இருக்கியா?” முப்பது விநாடிக்குள் போய்ச் சேராது. அதனால் தனி நெட்வொர்க், தனி முகவரி. 1996 பிப்ரவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 1918 என்ற ஆவணம் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் சில முகவரிக் கூட்டங்களை உள் உபயோகத்துக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கிறது. அவை இணையத்தின் பொதுச் சாலையில் ஏறாது. அந்த முகவரிகளுக்குப் பெயர் வைத்து, ஒவ்வொரு நோடிலும் ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற சின்னக் கோப்பில் வரிவரியாக எழுதிவைப்போம். முகவரி, பக்கத்தில் பெயர். பப்ளிக் பெயரோடு ஒரு சிறு கோடும் ‘பிரிவ்’ என்ற ஒட்டும் சேர்த்தால் பிரைவேட் பெயர். அது வழக்கம்தான், சட்டமில்லை. இப்போதைய பதிப்புகளில் இந்தப் பெயர் இல்லாமலும் கிளஸ்டர் எழுந்துவிடும். ஆனால் இரவு ஒன்றரை மணிக்கு லாக் படிக்கிற மனிதருக்கு எண் போதாது, பெயர் வேண்டும்.

நான் அந்தக் குழுவில் சேர்ந்தபோது இரண்டு நோடுகளுக்கும் இரண்டு நடிகைகளின் பெயர்கள் இருந்தன. டெஸ்ட் கிளஸ்டருக்கு இன்னும் இரண்டு நடிகைகள், கொஞ்சம் பழைய காலத்தவர்கள். “டெஸ்டுக்கு இவங்க போதும்” என்பது விளக்கம். வைத்தவர் யாரென்று கேட்டேன். நான்கு வருடம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். பெயர்கள் மட்டும் இருந்தன.

ஆங்கிலத்தில் சர்வர் ‘டவுன்’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். தமிழில் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். பெண் பெயர் வந்ததும் வினையும் பெண்பாலாகிவிடும். “அவ விழுந்துட்டா.” “எழுப்பிப் பாத்தேன், எழுந்திரிக்க மாட்டேங்கறா.” “இன்னிக்கு நைட்டு அவளை யாரு பாத்துக்கறது?” “வயசாயிடுச்சுல்ல, ஸ்லோவாத்தான் இருப்பா.” இவை எதுவும் யாரும் யோசித்துச் செய்த ஜோக் இல்லை. பெயர் வாயில் இருந்தால் வாக்கியம் தானாகவே அப்படித்தான் முடிகிறது. யோசித்துச் செய்த ஜோக்குகள் தனி. அவற்றுக்குத் தோதாகக் கிடைத்தது அந்த ‘பிரிவ்’. பிரைவேட் முகவரிக்கு ஒரு சோதனைத் துடிப்பு அனுப்பிப் பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. “அவளோட பிரைவேட்டை ஒரு தடவை தொட்டுப் பாரேன்” என்று ஒருவர் சொல்வார். அழைப்பில் இருக்கும் ஆறு ஆண்களில் இரண்டு பேர் சிரிப்பார்கள், மற்றவர்கள் மைக்கை அணைத்துக்கொள்வார்கள். அணைத்துக்கொண்டவர்கள் நல்லவர்கள் என்று பல நாள் நினைத்திருந்தேன்.

பிறகு கல்லூரி முடித்த கையோடு ஒரு பெண் வந்து சேர்ந்தாள், ஆரணிப் பக்கத்து ஊர். வேலையில் படு சுத்தம். ஆனால் அந்த சர்வர்களின் பெயரை அவள் சொல்லமாட்டாள். ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள், வண்டி நம்பர் சொல்வதுபோல. கோடு வந்தால் “ஹைஃபன்” என்பாள், பிறகு ‘பிரிவ்’வையும் நான்கு எழுத்தாகப் பிரித்துச் சொல்வாள். முதல் வாரம் எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரம், “ஏம்மா, பேரைச் சொன்னா வாய் சுட்டுடுமா?” என்று ஒருவர் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை, மறுபடியும் எழுத்து எழுத்தாகவே சொன்னாள்.

அப்போது எனக்கு ஆயா ஞாபகம் வந்தது. தாத்தா பெயர் அண்ணாமலை. எங்கள் பக்கத்தில் கல்லெறிந்தால் ஓர் அண்ணாமலை மேல் விழும், தப்பினால் ஓர் அருணாசலத்தின் மேல். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறும் ஆயாவால் போகிற ஊரின் பெயரைச் சொல்ல முடியாது. “எங்க போவணும் ஆயா?” என்று கண்டக்டர் கேட்டால், “மலைக்கு ஒண்ணு குடு தம்பி” என்பார். புதுக் கண்டக்டர் எந்த மலை என்று கேட்டால், “தீவம் ஏத்தறாங்களே, அந்த ஊரு.” ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் என் அண்ணனை முன்னால் தள்ளி, “இவன் பேருதான்” என்பார். அண்ணனுக்குத் தாத்தா பெயர். அந்தப் பாவத்துக்கு அவனையும் கடைசிவரை “பெரியவனே” என்றுதான் கூப்பிட்டார்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரே முகவரிக்கு எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். முதலில் எழுதுவது முறையான பெயர், பின்னால் வருபவை மாற்றுப்பெயர்கள். எதைச் சொன்னாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேரும். ஆயா வாழ்நாள் முழுக்க மாற்றுப்பெயர்களிலேயே போய்வந்தவர். தாத்தா ஆயாவைக் கூப்பிட்டது “இந்தா” என்று. கோபம் வந்தால் மட்டும் பெயர் சொல்வார். அவருக்குத் தடை எதுவும் இல்லை, தேவைதான் இல்லை. ஆயாவின் மௌனத்தை மரியாதை என்றார்கள். ஆரணிப் பெண்ணின் மௌனத்தைத் திமிர் என்றார்கள். சொல்ல விரும்பாத ஒரு பெயரைச் சுற்றிப் போக இரண்டு பேரும் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

குழுத் தலைவரிடம் பேசினேன். கெட்டவர் இல்லை. “மேடம், இது பிரைவேட் நெட்வொர்க். ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல இருக்கற பேரு. கஸ்டமர் ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல. இதை ஏன் இவ்ளோ சீரியஸா எடுத்துக்கறீங்க?” என்றார்.

இந்த வாக்கியத்தை நான் ரொம்ப நாள் மென்றுகொண்டிருந்தேன். வெளியே தெரியாது, அதனால் பரவாயில்லை. நம் வீடுகளில் எத்தனை விஷயங்கள் இந்த ஒரே வரியில் நின்றுகொண்டிருக்கின்றன. மாமியார் பேசியது, அவர் கை ஓங்கியது, சம்பளக் கார்டு யார் பையில் இருக்கிறது என்பது. கதவுக்கு உள்ளே நடப்பதால் அது விஷயமே இல்லை என்று ஆகிவிடுகிறது. ஆனால் உள்ளே என்பது யாரும் இல்லாத இடமா? அந்த நெட்வொர்க்குக்குள் நாள் முழுக்க இருப்பவர்கள் நாங்கள். கஸ்டமருக்குத் தெரியாத பெயரை இரவில் நாற்பது தடவை சொல்ல வேண்டியவள் அந்தப் பெண். மேலும், கிளஸ்டரையே எடுத்துக்கொண்டால்கூட இந்த வாதம் நிற்காது. வாசல் போனால் அந்த வழி வருகிறவருக்குத்தான் பதில் இல்லை. கொல்லை போனால் நோடே இல்லை. உள்ளே இருப்பது சின்ன விஷயம் என்பதை ஒரு டேட்டாபேஸ் நிர்வாகி சொல்லவே கூடாது.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். எங்கள் நிறுவனத்திலும் இருந்தது. அங்கே போவது தவறில்லை, போயிருந்தாலும் நியாயமே. ஆனால் எனக்கு ஒருவர் மன்னிப்புக் கேட்பது வேண்டியிருக்கவில்லை. பெயர்கள் போக வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. ‘ராக்’ கிளஸ்டரில் நோடின் பெயரை நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. அந்த நோடைக் கிளஸ்டரிலிருந்து முறைப்படி நீக்கி, பெயர் மாற்றி, புதுசாகச் சேர்க்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில், பெயருக்காக மட்டும், அதற்கு யாரும் நேரம் தரமாட்டார்கள். அதனால் காத்திருந்தேன். பழைய சர்வர்கள் ஓய்வுபெற்று எல்லாம் விர்ச்சுவல் மெஷின்களுக்கு மாறும் நாள் வந்தது. புதுக் கிளஸ்டர் என்றால் யாராவது பெயர்களை முதலிலிருந்து எழுதித்தான் ஆக வேண்டும். அந்த ஆவணத்தை நான் எழுதுகிறேன் என்றேன். யாரும் போட்டிக்கு வரவில்லை. இப்படிப்பட்ட வேலைக்கு வரவும் மாட்டார்கள்.

அதை எழுதும்போதுதான் எலிசபெத் ஃபெய்ன்லரைக் கண்டேன். எல்லோரும் ‘ஜேக்’ என்பார்கள். வீட்டில் வைக்க நினைத்த ‘பெட்டி ஜோ’வை இரண்டு வயது அக்கா உச்சரித்த விதம் ‘பேபி ஜேக்’ என்று கேட்க, பேபி போய் ஜேக் நின்றுவிட்டது. வேதியியல் படித்தவர். 1972இல் கலிபோர்னியாவில், மென்லோ பார்க்கில் இருந்த எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தில், இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் தகவல் மையத்துக்கு வந்தார். 1989 வரை அதை நடத்தினார். அன்றைக்கு உலகத்தில் இருந்த எல்லா ஹோஸ்ட் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன, அந்தக் கோப்பு அந்த மையத்தில் இருந்தது. ஒரு பல்கலைக்கழகமோ ராணுவ ஆய்வகமோ தன் கணினிக்குப் பெயர் வேண்டுமென்றால் அவர்களைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் ஏற்கெனவே யாரும் வைத்திருக்கிறார்களா என்று பார்த்துச் சேர்ப்பார்கள். மற்றவர்கள் கோப்பை இறக்கிக்கொள்வார்கள். இன்று என் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு அதன் கொள்ளுப்பேத்தி.

ஹோஸ்ட் பெயரில் எழுத்து, எண், கோடு தவிர எதுவும் வரக் கூடாது, கோட்டில் முடியக் கூடாது என்ற விதிகளைச் சொல்லும் ஆர்.எஃப்.சி. 952, 1985 அக்டோபரில் வந்தது. எழுதியவர்கள் மூவர்: கென் ஹாரன்ஸ்டீன், மேரி ஸ்டால், எலிசபெத் ஃபெய்ன்லர். மூவரில் இருவர் பெண்கள். பதினான்கு வருடமாக அடிக்கோடு வைத்தால் ஏற்காது, இடைவெளி வைத்தால் ஏற்காது என்று மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்த விதிகளுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் இருந்தது எந்தப் பயிற்சி வகுப்பிலும் என் காதில் விழவில்லை. பட்டியல் எழுதுவது, விலாசம் குறிப்பது, யாருக்கு என்ன பெயர் என்று ஞாபகம் வைத்துக்கொள்வது: இது குமாஸ்தா வேலை என்றுதான் நினைப்பார்கள். கல்யாணத்தில் மொய் நோட்டை யாரிடம் கொடுத்தாலும், எந்த வீட்டு எந்தப் பெரியப்பாவுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அம்மாக்கள் தலையில்தான் இருக்கும். 2012இல் ஃபெய்ன்லரை இணையத்தின் புகழ்பெற்றோர் வரிசையில் சேர்த்தார்கள். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது.

இன்னொரு ஆவணமும் கைகொடுத்தது. 1990இல் டான் லிபெஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 1178. கணினிக்குப் பெயர் வைப்பது எப்படி என்பதுதான் பொருள், படிக்கச் சுவாரஸ்யமானது. உங்கள் பெயரை வைக்காதீர்கள், ஆளைச் சொல்கிறோமா மெஷினைச் சொல்கிறோமா என்று குழம்பும் என்கிறது. பலவிதமாக எழுத்துக்கூட்டக்கூடிய பெயர் வேண்டாம் என்கிறது. யாரையும் சீண்டும் பெயரோ சங்கடப்படுத்தும் பெயரோ வேண்டாம் என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி வரியை என் ஆவணத்தில் கருத்தே சொல்லாமல் எடுத்து வைத்தேன். நான் சொன்னால் உணர்ச்சிவசப்படுகிறேன். ஆர்.எஃப்.சி. சொன்னால் தரநிலை.

பெயர் வைக்கும் வழிகள் எல்லாம் எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கின்றன. கிழக்கே ராஜகோபுரம், பதவியால் வந்த பெயர். தெற்கே திருமஞ்சனக் கோபுரம், சுவாமிக்கு அபிஷேக நீர் போகும் வழி, வேலையால் வந்த பெயர். மேற்கே பேய்க்கோபுரம். மேலக்கோபுரம் வாய்க்கு வாய் மாறிப் பேயாகிவிட்டது என்பார்கள். வடக்கே, என் மாடியிலிருந்து தெரிவது, அம்மணி அம்மன் கோபுரம். செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்து, கல்யாணம் வேண்டாமென்று துறவு பூண்ட ஒரு பெண், பாதியில் நின்ற கோபுரத்தை வீடுவீடாகக் கேட்டு வாங்கிய காசில் கட்டி முடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். நான்கில் ஒரு மனுஷியின் பெயரைத் தாங்குவது இதுதான். அதுகூட அவரை எல்லோரும் கூப்பிட்ட விதம்தான். அம்மணி என்று எந்தப் பெண்ணையும் கூப்பிடலாமே.

ஊர்ப்பாசத்தில் கிரிவலப் பாதையின் எட்டு லிங்கங்களின் பெயரை வைக்கலாமே என்று குழுவில் ஒருவர் உற்சாகமாகச் சொன்னார். பதினான்கு கிலோமீட்டர் நடந்தவர். இந்திரன், அக்னி, எமன் என்று எட்டும் ஆண்கள் என்பதை விட்டுவிடலாம். நிருதியை ஆங்கிலத்தில் நான்கு பேர் நான்கு விதமாக எழுதுவார்கள். எமலிங்கம் விழுந்தது என்று யாரும் நடுராத்திரியில் மெயில் அனுப்ப வேண்டாம். இரவு ஷிஃப்டில் உட்காரும் பர்வீனுக்கோ ஸ்டெல்லாவுக்கோ ஒரு புது எழுத்துக்கூட்டும் வேலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்? ஊருக்கு ஒரு சுருக்கம், டேட்டாபேஸ் என்பதற்கு இரண்டு எழுத்து, 01, 02. பிரைவேட்டுக்கு ‘பிரிவ்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஐசி’ என்று வைத்தேன். இன்டர்கனெக்ட் என்பதன் சுருக்கம். சப்பென்று இருக்கிறது என்றார்கள். ஆமாம்.

ஒரு எதிர்ப்பில் மட்டும் நியாயம் இருந்தது. தனித்தனிப் பெயர் இருந்தால் மனிதர்கள் குழம்பமாட்டார்கள். 01க்கும் 02க்கும் தூக்கக் கலக்கத்தில் வித்தியாசம் தெரியாமல் தப்பான நோடை மறுதொடக்கம் செய்துவிடலாம். இதை நான் தட்டிக்கழிக்கவில்லை. ஒவ்வொரு நோடிலும் டைப் செய்யும் திரையின் முகப்பு எழுத்துக்கு ஒரு நிறம் கொடுத்தோம், ஒன்றுக்குப் பச்சை, இரண்டுக்கு மஞ்சள். ஆரணிப் பெண்ணின் யோசனை அது.

பெயர் வைப்பதெல்லாம் வெறுப்பில் என்று நான் சொல்லவில்லை. மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸை உருவாக்கிய மைக்கேல் விடேனியஸ் அதற்குத் தன் மகளின் பெயரை வைத்தார். அவள் பெயர் ‘மை’. அடுத்த மகள் பெயரில் மரியாடிபி. பாசம்தான். ஆனால் உலகம் அந்த முதல் பெயரை ஆங்கிலத்தில் ‘என்னுடைய’ என்றுதான் படிக்கிறது. அதே மைஎஸ்கியூஎல்லில் ஒரு சர்வரை எஜமானன் என்றும் அதை நகலெடுப்பதை அடிமை என்றும் பல வருடங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். 2020இல் அதை மூலம், நகல் என்று மாற்ற முடிவெடுத்தார்கள். டேட்டாபேஸ்கள் எதுவும் நின்றுவிடவில்லை.

விர்ச்சுவல் மெஷின்களில் வேலை கேபிள் இல்லாமலே நடக்கிறது. பிரைவேட் நெட்வொர்க் என்பதே ஓர் அமைப்புப் பக்கத்தில் இடும் குறிதான். ஒவ்வொரு நோடுக்கும் இரண்டு மெய்நிகர் நெட்வொர்க் கார்டு கொடுத்து, இரண்டாவதை யாரும் வராத தனி நெட்வொர்க்கில் சேர்த்தோம். இரண்டு நோடும் ஒரே பெட்டிக்குள் குடியிருக்கக் கூடாது என்று ஒரு விதி. ஒரு பெட்டி போனால் இரண்டும் போகுமே. நகலெடுத்து உருவாக்கிய மெஷினில் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தோம். ஹோஸ்ட்ஸ் கோப்பில் நோடின் சொந்தப் பெயர் 127.0.0.1 என்ற வரியில் உட்கார்ந்திருந்தால் அது தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கும், அதையும் பார்த்தோம். பேக்கப் ஸ்கிரிப்ட்களிலும் கண்காணிப்புப் பட்டியல்களிலும் அந்த நடிகைகளின் பெயர்களைத் தேடி எடுத்தோம். எதிர்பார்த்ததைவிட நிறைய இடங்களில் இருந்தன. பழைய பெயரை மாற்றுப்பெயராகவாவது வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டார் ஒருவர். வேண்டாம் என்றேன்.

மாற்றம் முடிந்த சனிக்கிழமை இரவு சோதனை. இரண்டாவது நோடின் பிரைவேட் கார்டை வேண்டுமென்றே துண்டித்துவிட்டுக் காத்திருந்தோம். அழைப்பில் எட்டுப் பேர். முப்பது விநாடி ஓடியது, லாக்கில் வரிகள் வந்தன, நோடு வெளியேறியது. முன்பு மைக்கை அணைத்துக்கொள்கிறவர்களில் ஒருவர்தான் முதலில் பேசினார். “ரெண்டு விழுந்துடுச்சு மேடம். ஒண்ணு தாங்குது.”

“ஐசி-யை மறுபடி இணைங்க” என்றேன்.

ஆரணிப் பெண் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. “இணைச்சாச்சுக்கா. ரெண்டு எழுந்துக்குது.”